ட்ரிபியூனலும் மறுத்துவிட்டது, இனி கோர்ட்டா? மெல்பேண் தம்பி ஒருவருக்குப் பதில்

வந்த கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். ஊர், வேலை, நாட்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன், ஆளை யாரும் பிடிக்க முடியாது.

"வணக்கம் அக்கா. நான் வன்னிப் பக்கம். மாணவர் விசாவில் மெல்பேண் வந்து, பிறகு அகதிகளுக்கான பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பித்தேன். குடிவரவுத் திணைக்களம் மறுத்தது. அந்த மறுப்பை மீளாய்வு செய்யும் ட்ரிபியூனலுக்குப் போனேன். அங்கேயும் இரண்டு கிழமைக்கு முன் மறுத்துவிட்டார்கள். நான் சொன்னதை நம்பவில்லையாம். ஆமி என்னைப் பிடித்து வைத்திருந்தது இரண்டு நாளா, இரண்டு கிழமையா என்று மாற்றிச் சொன்னேனாம். நான் மாற்றவே இல்லை. உரைபெயர்ப்பாளர் இந்தியத் தமிழர், அவர் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விசாரித்த அம்மாவும் சிடுசிடு என்றுதான் இருந்தார். இங்கே மாவீரர் நாளில் தொண்டனாக நின்ற படங்கள், ஊர்வலப் படங்கள் எல்லாம் கொடுத்தேன், அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இப்போது சிஐடி அம்மாவின் வீட்டுக்கு வந்து விசாரித்ததாகக் கிராம சேவகர் கடிதம் தந்திருக்கிறார். இங்கே விசா அலுவல் பார்க்கும் அண்ணா ஒருவர், 'கோர்ட்டில் போட்டால் நாலு வருசம் இருக்கலாம், 2,500 டொலர் தாங்கோ, நானே எழுதித் தாறன்' என்கிறார். போடவா? அந்தக் கடிதத்தைப் பார்த்தால் நீதிபதி விசா தருவாரா? என் பெயர் வெளியில் வருமா?"

தம்பி, நாள் கணக்கை மட்டும் உங்களுக்கு அன்றைக்கே தனியாக அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

35 நாள். கோர்ட்டில் விண்ணப்பம் போட, ட்ரிபியூனலின் தீர்மானத்தில் என்ன தேதி போட்டிருக்கிறதோ அந்தத் தேதியிலிருந்து 35 நாள், மின்னஞ்சலை நீங்கள் திறந்து பார்த்த நாளிலிருந்து அல்ல, ஏஜென்ட் உங்களுக்குப் படித்துக் காட்டிய நாளிலிருந்தும் அல்ல. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். திணைக்களத்தின் மறுப்புக்கு எதிராக ட்ரிபியூனலுக்குப் போக 28 நாள் தருகிறார்கள், அந்த 28ஐயும் இந்த 35ஐயும் போட்டுக் குழப்பி, கடைசியில் இரண்டையும் தவறவிட்டு என் முன்னால் வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எழுதிய அன்று 14 நாள் போய்விட்டிருந்தது. 35 தாண்டினால் கதவு முழுதாகப் பூட்டிவிடும் என்றில்லை, கால நீடிப்பு கேட்கலாம், ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும், ஏன் பிந்தியது, வழக்கில் என்ன சத்து இருக்கிறது என்று காட்ட வேண்டும், நீதிபதி மறுத்துவிட்டால் அந்த மறுப்பை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய முடியாது. அதனால் சிறந்த சட்டத்தரணியைத் தேடித் தேடி 36ஆம் நாளில் கண்டுபிடிப்பதைவிட, 30ஆம் நாளில் சுமாரான ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பிறகு திருத்துவது மேல். திருத்த இடம் உண்டு, கீழே சொல்கிறேன்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம். நீதிபதி விசா தருவாரா? மாட்டார். தரவும் முடியாது. உங்கள் கதை முழுவதையும் நம்பி, உங்கள்மீது இரக்கப்பட்டு, கண் கலங்கினாலும் முடியாது.

நம் ஊரில் கீழ்க் கோர்ட்டில் தோற்றால் மேல் கோர்ட்டில் திரும்பவும் கதையைச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு உண்டு, அதே நினைப்போடுதான் இங்கேயும் போகிறோம். இங்கே ட்ரிபியூனல் வேறு, நீதிமன்றம் வேறு. ட்ரிபியூனல், அதாவது 2024 அக்டோபரிலிருந்து ஏஏடி என்ற பழைய மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இடத்தில் இருக்கும் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம், உங்கள் வழக்கை அடியிலிருந்து புதிதாகப் பார்க்கிறது: இவர் சொல்வது உண்மையா, திரும்பிப் போனால் ஆபத்தா? நீதிமன்றம் கேட்பது வேறு: அந்த ட்ரிபியூனல் தன் வேலையைச் சட்டம் சொன்னபடி செய்ததா? செய்திருந்தால், முடிவு பிழை என்று நீதிபதிக்கே தோன்றினாலும் அவர் கை வைக்க மாட்டார். செய்யவில்லை என்றால் அந்தத் தீர்மானத்தை ரத்துச் செய்து, 'திரும்பவும் ஒழுங்காகப் பார்' என்று ட்ரிபியூனலுக்கே அனுப்புவார். நீங்கள் வென்றால் கிடைக்கும் முழுப் பரிசும் இதுதான், இன்னொரு விசாரணை. அதிலும் தோற்கலாம்.

அந்தத் தவறுக்கு நியாயாதிக்கத் தவறு என்று பெயர். பெயர் பயமுறுத்தும், விஷயம் எளிது. ஒரு பெரியவரை ஊர் வழக்குத் தீர்க்க நியமித்து, இரண்டு பக்கத்தையும் கேள், காணி உறுதியைப் பார், பிறகு முடிவு சொல் என்று விதித்திருக்கிறோம் என்று வையுங்கள். அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டு, உறுதியைப் பார்த்து, உங்களுக்குப் பிடிக்காத முடிவைச் சொன்னால் அது அவர் அதிகாரம். உறுதியைத் திறக்காமலே முடிவு சொன்னால், அவருக்குக் கொடுத்த அதிகாரத்தை அவர் பாவிக்கவே இல்லை, அது முடிவே அல்ல. இந்த வாசலையும் மூடிவிடப் பாராளுமன்றம் முயன்றது, இப்படிப்பட்ட தீர்மானங்களை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று குடிவரவுச் சட்டத்தில் ஒரு பிரிவையே போட்டுப் பார்த்தது. 2003இல் ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம், நியாயாதிக்கத் தவறு உள்ள தீர்மானம் சட்டத்தின் கண்ணில் தீர்மானமே அல்ல, அதை அந்தப் பிரிவு காப்பாற்றாது, அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு தந்த உரிமையைச் சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு நீங்கள் போகக்கூடிய வழி திறந்திருப்பது அதனால்தான்.

அப்படியானால் கிராம சேவகரின் கடிதம்? நீதிமன்றத்தில் அதற்கு வேலை இல்லை. ட்ரிபியூனல் முடிவு சொன்ன அன்று அதன் முன்னால் இல்லாத ஒன்றைப் பார்க்கவில்லை என்று அதைக் குறை சொல்ல முடியாது. கிழித்துப் போடச் சொல்லவில்லை, பத்திரமாக வையுங்கள், கடிதம் வந்த உறையையும் சேர்த்து வையுங்கள், அம்மாவிடம் எப்போது வந்தார்கள், எத்தனை பேர், என்ன கேட்டார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். வென்று திரும்பவும் ட்ரிபியூனலுக்குப் போனால் அங்கே அதைக் கொடுக்கலாம். தோற்றால், இரண்டாம் முறை பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கச் சட்டம் போட்டிருக்கும் தடையை நீக்கும்படி அமைச்சரைக் கேட்கும்போது அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே புதிய சரக்கு. அமைச்சர் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சட்டம் இல்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பொதுவாக அந்தப் பக்கம் தலை காட்டுவதும் இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விசாரித்த அம்மா சிடுசிடு என்று இருந்ததும் வழக்கு ஆகாது. முகம் கோணியது, இடையில் கேள்வி கேட்டது, நம்பாத மாதிரிப் பார்த்தது எல்லாம் அந்த வேலையில் நடப்பதுதான். கேட்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார் என்று காட்டினால்தான் பக்கச்சார்பு, அதற்கான வாசல் மிகவும் குறுகியது. உங்கள் கடிதத்தில் அரைவாசி அந்த அம்மாவைப் பற்றித்தான் இருந்தது, நான் வெட்டிவிட்டேன், கோவிக்க வேண்டாம். உங்கள் வழக்கு அதில் இல்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளில் இருக்கிறது.

முதலாவது, அந்த இரண்டு கிழமை.

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த ஒருவரிடம் 'ரெண்டு கிழமை வச்சிருந்தவங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். ஏழு நாளுக்கு அவர் சொல்லும் சொல் வாரம். இரண்டு கிழமை அவர் காதில் இரண்டு நாளாக விழுந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எழுத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் 'இரண்டு வாரம்' என்று ஆங்கிலத்தில் சரியாக இருக்கிறது, விசாரணையில் 'இரண்டு நாள்' என்று ஆங்கிலத்தில் வருகிறது, முடிவு எழுதியவருக்கு நீங்கள் பொய்யர். இது ஒன்றுதான் என்றில்லை. 'வெருட்டினவங்கள்' என்றால் நமக்கு மிரட்டினார்கள், அவர்களுக்கு அது விரட்டினார்கள், துரத்திவிட்டார்கள் என்று கேட்கும். ஆமிக்காரன் உங்களை மிரட்டியது, ஆமிக்காரன் உங்களைப் போகச் சொன்னது என்று ஆகிவிடும். 'பெடியள் வந்து கேட்டவை' என்பதில் பெடியள் என்றால் இயக்கப் போராளிகள் என்று வன்னியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், ஆங்கிலத்தில் அது சும்மா பையன்கள். 'அவரோடு கதைச்சனான்' என்பதைக் கதை விட்டேன் என்ற பொருளில் எடுத்த ஒருவரை என் காதாலேயே ஒலிப்பதிவில் கேட்டிருக்கிறேன். உரைபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லவில்லை, நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் பேச்சை நம்மைவிட அழகாகப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தமிழ் என்று ஒரே பெட்டியில் டிக் போட்டு ஆளை அனுப்பினால் இப்படியும் நடக்கும்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா? உண்டு. 1999இல் இலங்கையர் ஒருவரின் வழக்கில் ஃபெடரல் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: உரைபெயர்ப்பு நூற்றுக்கு நூறு இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒருவர் தன் சாட்சியத்தைச் சொல்லவே முடியாத அளவுக்கு மோசமாக இருந்தாலோ, பிழைகள் முடிவைத் தொட்டிருந்தாலோ, அவருக்கு விசாரணையே நடக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஆகவே 'உரைபெயர்ப்பு சரியில்லை' என்று வெறுமனே எழுதினால் ஒரு சதத்துக்கும் பெறுமதி இல்லை. ட்ரிபியூனலிடம் விசாரணையின் ஒலிப்பதிவைக் கேளுங்கள், தருவார்கள். வீட்டில் இருந்து கேட்டு, எந்த நிமிடத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் ஆங்கிலத்தில் என்ன சொன்னார் என்று குறியுங்கள். பிறகு அந்தப் பகுதிகளை மட்டும், தகுதிச் சான்று உள்ள, இலங்கைத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு எழுத்தில் எடுத்து, அவருடைய சத்தியக்கடதாசியோடு போட வேண்டும். புதிய சாட்சியம் எடுபடாது என்றேனே, இது விதிவிலக்கு, ஏனென்றால் இது அம்மாவின் வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பற்றிய சாட்சியம் அல்ல, ட்ரிபியூனலுக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றியது.

ஒரு கேள்வி அவர்கள் பக்கத்தால் கட்டாயம் வரும்: விளங்கவில்லை என்றால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? ஒலிப்பதிவில் எங்காவது 'விளங்கேல்லை' என்று நீங்கள் சொன்னது இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். இருந்தால் அது தங்கம். இல்லாவிட்டால் வழக்கு செத்துவிடாது, மெலியும். இனி விசாரணைக்குப் போக இருப்பவர்கள் இதையாவது கேளுங்கள், மரியாதைக் குறைவு என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருக்காதீர்கள். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், அன்று பிழைத்தால் அங்கேயே வாயைத் திறந்து சொல்லுங்கள், பதிவில் ஏறட்டும்.

அப்புறம் இன்னொன்று. பிழை இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பிழை நடக்காமல் இருந்திருந்தால் முடிவு வேறாக வந்திருக்கக்கூடிய மெய்யான வாய்ப்பு ஒன்று இருந்தது என்று காட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இதைத் திரும்பவும் விளக்கி, இது அப்படி ஒன்றும் பெரிய மலை அல்ல என்று சொன்னது, அது நமக்கு நல்லது. உங்கள் தீர்மானத்தில் நாள் கணக்கு முரண்பாட்டை மட்டும் வைத்து 'இவர் நம்பத்தக்கவர் அல்ல' என்று எழுதியிருந்தால் வழக்கு பலம். அது ஆறு காரணங்களில் ஒன்று, மற்ற ஐந்தும் தனியாகவே நிற்கும் என்றால் கஷ்டம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி 'எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில்' என்று எழுதியிருந்தால் நடுவில், ஒரு கல்லை உருவினால் மதில் நிற்குமா என்று வாதாடலாம். பத்தி பத்தியாகப் படித்தால்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, மாவீரர் நாள் படங்கள். எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் தெளிவாக முன்வைத்த ஒரு கோரிக்கையை ட்ரிபியூனல் தொடாமலே விட்டால் அது நேராக நியாயாதிக்கத் தவறு. காணி உறுதியைத் திறக்காத பெரியவர்தான். ஆனால் 'ஒரு வரியும் இல்லை' என்று நீங்கள் சொல்வதை நான் அப்படியே எடுக்க மாட்டேன், இப்படிச் சொன்ன பலரின் தீர்மானத்தில் பின்பக்கத்தில் ஒரு பத்தி இருந்ததைக் கண்டிருக்கிறேன். தொடக்கத்தில் 'விண்ணப்பதாரர் இன்னின்ன சமர்ப்பித்தார்' என்று வருவது பட்டியல் மட்டும். பிற்பகுதியில், முடிவும் காரணமும் சொல்லும் இடத்தில், இங்கே நீங்கள் செய்த அரசியல் வேலையால் திரும்பிப் போனால் ஆபத்து வருமா என்று யோசித்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பட்டியலில் இருந்து காரணத்தில் இல்லை என்றால் எனக்குச் சந்தோஷம்.

அங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, அநேகர் கவனிப்பதில்லை. அகதிக் கோரிக்கையைப் பலப்படுத்துவதற்காகவே இங்கே ஒருவர் ஊர்வலம் போனார் என்றால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, வேறு நோக்கத்துக்காகத்தான் போனேன் என்று அவர்தான் திருப்திப்படுத்த வேண்டும். ட்ரிபியூனல் அப்படி ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அந்த ஒதுக்கல் அகதி வரைவிலக்கணத்துக்கு மட்டும். பாதுகாப்பு விசாவுக்கு இரண்டாவது வாசல் ஒன்று உண்டு, அதைத் துணைப் பாதுகாப்பு என்று சொல்லலாம்: அகதியாக ஏற்காவிட்டாலும், திருப்பி அனுப்பினால் சித்திரவதை, கொடூரமான நடத்துகை போன்ற பாரிய தீங்கு வரும் மெய்யான ஆபத்து இருந்தால் பாதுகாப்பு உண்டு. அங்கே நோக்கம் பார்த்து ஒதுக்கும் விதி இல்லை. படம் எடுப்பதற்காகவே நீங்கள் போயிருந்தாலும், அந்தப் படத்தைக் கொழும்பில் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டே ஆக வேண்டும். முதல் வாசலில் ஒதுக்கியதை இரண்டாவதிலும் அப்படியே ஒதுக்கிவிட்டு, 'மேலே சொன்ன அதே காரணங்களுக்காக' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அந்த வரியின் கீழ் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள்.

விசாரணையில் உங்களிடம் கேட்காத ஒன்றை வைத்து முடிவில் அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2006இல் ஈரானியக் கப்பல் ஊழியர் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. திணைக்களம் கேள்வி எழுப்பாத, ட்ரிபியூனலும் அவரிடம் கேட்காத விஷயங்களை வைத்து அவரை நம்பவில்லை என்று எழுதினார்கள், உயர் நீதிமன்றம் அது நியாயம் அல்ல என்று தீர்ப்பளித்தது.

வென்றால் என்ன, தோற்றால் என்ன என்று நம் ஆட்களின் வழக்குகளே நிறையச் சொல்கின்றன. 2010 நவம்பரில் கிறிஸ்மஸ் தீவுக்குப் படகில் வந்த இரண்டு இலங்கைத் தமிழர்கள் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், அவர்களுக்கு நடைமுறை நியாயம், அதாவது தம் பக்கத்தைச் சொல்ல முறையான வாய்ப்பு, மறுக்கப்பட்டது என்று நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள், படகில் வந்தவர்களின் வழக்குகளை நடத்தும் முறையே அதனால் மாறியது. 2017இல் இன்னொன்று, சட்டவிரோதமாகப் படகேறியதற்காகத் திரும்பிப் போனதும் நெரிசலான சிறையில் சில நாள் போடுவார்கள், அது கொடூரமான நடத்துகை என்று இலங்கையர்கள் வாதாடினார்கள். சிறை நிலைமை மோசம் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தால் போதாது, துன்புறுத்தும் எண்ணமே இருந்திருக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், ஒருவர் மட்டும் மாறுபட்டார். 'ஏர்போட்டில் பிடித்து நீர்கொழும்பில் போடுவாங்கள்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அதற்குப் பிறகு வழி மிகவும் ஒடுங்கிவிட்டது. பிலோயிலா குடும்பத்தை, அரசு திருப்பி அனுப்ப முயன்ற அந்தத் தமிழ்க் குடும்பத்தை, உங்களுக்குத் தெரியும். 2020 ஏப்ரலில் இளைய மகளின் வழக்கில் நடைமுறை நியாயம் மீறப்பட்டது என்று ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது, அரசு இரண்டு லட்சம் டொலருக்கு மேல் செலவுத் தொகை கட்ட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது, 2021 பெப்ரவரியில் முழு அமர்வும் அதை உறுதி செய்தது. இவ்வளவு வென்றும் விசா வரவில்லை. 2022இல் ஆட்சி மாறி, அமைச்சர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வந்தது. நீதிமன்றம் செய்தது, அவர்களை ஏற்றி அனுப்பவிடாமல் அதுவரை பிடித்து வைத்தது. அதுவும் சின்ன விஷயம் இல்லை.

இப்போது காசும் அந்த அண்ணாவும்.

நீதிமன்றத்தில் போடும் கட்டணத்தை 2021இல் 690 டொலரிலிருந்து ஒரே தாவலில் 3,330 ஆக்கினார்கள், அதற்குப் பிறகும் வருடா வருடம் கொஞ்சம் ஏறுகிறது. கஷ்ட நிலையைக் காட்டினால் பாதி. வங்கிக் கணக்கு, வாடகை, சம்பளத் துண்டு எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள். தோற்றால் அமைச்சரின் சட்டத்தரணிக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும், கடைசி விசாரணை வரை போய்த் தோற்றால் அது எட்டாயிரம் டொலருக்கு மேல் வரும், இடையில் கைவிட்டால் குறையும். இன்றே கட்டு என்று வீட்டுக்கு வர மாட்டார்கள், ஆனால் அரசுக்குள்ள கடனாக அது இருக்கும், பின்னொரு நாள் வேறு விசா கேட்கும்போது வழியை மறிக்கும்.

நாலு வருடம் இருக்கலாம் என்று அண்ணா சொன்னது முழுப்பொய் இல்லை. நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன, வருடக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் வெல்ல நியாயமான வாய்ப்பு இல்லாத வழக்கை, நாளைக் கடத்துவதற்காக என்று இன்னொருவரைப் போடத் தூண்டுவதைக் குடிவரவுச் சட்டமே தடை செய்கிறது, தூண்டியவரையே செலவுத் தொகை கட்ட வைக்கவும் நீதிமன்றத்தால் முடியும். சட்டத்தரணி நீதிமன்ற ஆவணம் போட்டால் வழக்கில் நியாயமான வாய்ப்பு உண்டு என்று நம்புவதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். அண்ணா ஏன் கையெழுத்து வைக்காமல் 'நீங்களே போட்ட மாதிரி' எழுதித் தருகிறார் என்று இப்போது விளங்குகிறதா? பதிவுபெற்ற ஏஜென்ட் என்றால் அவருக்கு ஒரு பதிவு இலக்கம் இருக்க வேண்டும், இணையத்தில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். இருந்தாலும் நீதிமன்றத்தில் வாதாட அது போதாது, அதற்குச் சட்டத்தரணி வேண்டும். பதிவே இல்லாமல் காசு வாங்கி விசா ஆலோசனை சொல்வது குற்றம். 2,500 டொலருக்கு அவர் தருவது என்ன தெரியுமா? 'ட்ரிபியூனல் இயற்கை நீதியை மீறியது, சாட்சியங்களைக் கவனிக்கவில்லை' என்று இரண்டு வரி, யார் பெயருக்கும் பொருந்தும். ஒரே எழுத்துப் பிழையோடு மூன்று வெவ்வேறு ஆட்களின் விண்ணப்பங்களில் அந்த இரண்டு வரியைக் கண்டிருக்கிறேன்.

அந்தக் காசை ஒலிப்பதிவை எழுத்தில் எடுக்க வையுங்கள். மெல்பேணில் ரெஃப்யூஜி லீகல், விக்டோரியா லீகல் எய்ட், ஏஎஸ்ஆர்சி என்ற மூன்று உதவி அமைப்புகளுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், கடைசித் தேதியைத் தலைப்பிலேயே போடுங்கள். எல்லோருக்கும் முழு வழக்கு நடத்த அவர்களால் முடியாது, ஆனால் தீர்மானத்தைப் படித்து இதில் ஏதாவது இருக்கிறதா என்று சொல்வதே பாதி உதவி. பணம் கட்டும் சட்டத்தரணி என்றாலும் முதலில் அந்த அபிப்பிராயத்தை மட்டும் எழுத்தில் கேளுங்கள், இல்லை என்று சொன்னால் அதை நம்புங்கள்.

ஒருவரும் கிடைக்காமல் நாள் முடிகிறது என்றால் நீங்களே போடலாம். குடிவரவு வழக்குக்கான விண்ணப்பப் படிவம், அதோடு ட்ரிபியூனலின் தீர்மானத்தை இணைத்த சத்தியக்கடதாசி, இரண்டையும் இணையம் வழியாக மத்திய சுற்று மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் பிரிவில் போட வேண்டும். காரணங்கள் என்ற இடத்தில் மேலே சொன்ன இரண்டையும் உங்கள் வார்த்தையில், எந்தப் பத்தி என்று இலக்கத்தோடு எழுதுங்கள். பிறகு அமைச்சர் பக்கம் எல்லா ஆவணங்களையும் தைத்து ஒரு தொகுப்புத் தரும், அதைப் பார்த்துத் திருத்திய விண்ணப்பம் போடப் பொதுவாக நாள் தருவார்கள். திருத்த இடமிருக்கிறது என்று முன்பு சொன்னது இதைத்தான்.

பிரிட்ஜிங் விசாவை, அதாவது முடிவு வரும் வரை இங்கே இருக்க விடும் தற்காலிக விசாவை, மறக்க வேண்டாம். வழக்குப் போட்டால் அது தானாக நீளும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கையில் இருப்பது முடிவதற்கு முன், வழக்குப் போட்ட ரசீதைக் காட்டிப் புதியதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள், வருவதில் வேலை செய்யலாம் என்று இருக்கிறதா என்று நிபந்தனைகளைப் படியுங்கள். விசா இல்லாமல் ஒரு நாள் இருந்தாலும் தடுப்புக்காவல் என்ற பேச்சு வரும்.

பெயர் பயம் வேண்டாம். பாதுகாப்பு விசா வழக்குகளில் பெயரை வெளியிட நீதிமன்றத்துக்கே சட்டம் தடை போட்டிருக்கிறது. எழுத்தும் எண்ணுமாக லொத்தர் இலக்கம் மாதிரி ஒரு பெயர் தருவார்கள், தீர்ப்பு இணையத்தில் வந்தாலும் அந்தப் பெயரில்தான் வரும். நீங்கள்தான் அந்த இலக்கத்தை முகநூலில் போட்டு 'எனக்காக மன்றாடுங்கள்' என்று எழுதாமல் இருக்க வேண்டும்.

படகில் வந்து, வேகப் பாதை என்ற சுருக்க முறையில் மறுக்கப்பட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். 2023 பெப்ரவரியில் அறிவித்த நிரந்தர விசா தற்காலிக விசா கிடைத்தவர்களுக்குத்தான், மறுக்கப்பட்டவர்கள் வெளியே விடப்பட்டார்கள், அதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. உங்களைக் காகிதத்தை மட்டும் பார்த்து மறுத்த அந்த மீளாய்வு அமைப்பு இப்போது இல்லை, இன்னமும் வழக்கு நிலுவையில் இருந்து வென்றால் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குத்தான் திரும்பிப் போகும். அதனால் களைத்துப்போய் வழக்கைக் கைவிடுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

தம்பி, போடவா என்று கேட்டீர்கள். படங்களைப் பற்றித் தீர்மானத்தின் பிற்பகுதியில் உண்மையாகவே ஒன்றும் இல்லையென்றால், நான் போடுவேன். அதில் ஒழுங்காக இரண்டு பத்தி எழுதியிருந்து, நாள் கணக்கும் பல காரணங்களில் ஒன்றுதான் என்றால், எட்டாயிரத்தையும் சேர்த்து யோசித்துவிட்டுத்தான் போடுவேன், ஒலிப்பதிவைக் கேட்டு முடிக்கும் வரை எந்த முடிவும் எடுக்க மாட்டேன். தீர்மானத்தின் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள், முதல் பக்கத்தை மட்டும் அல்ல. ஒலிப்பதிவுக்கான மின்னஞ்சலை இன்றிரவே ட்ரிபியூனலுக்குப் போடுங்கள், வழக்கு இலக்கத்தை மேலே எழுதி.